முதல் மரவேலை: வீட்டில் ஒருவருக்கு ஒரு குட்டி ஸ்டூல்

மரவேலை பழக ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் கருவி வாங்குவதில் ஆரம்பிக்கிறார்கள், கொஞ்சம் பேர் மரம் வாங்குவதில். நான் சொல்வது, ஆளில் ஆரம்பியுங்கள். யாருக்குச் செய்கிறோம் என்று முடிவாகிவிட்டால் என்ன பொருள், எவ்வளவு உயரம், எந்த மரம், மேலே என்ன பூச்சு என்பதெல்லாம் ஒவ்வொன்றாகத் தானே முடிவாகிவிடும். யாருக்கென்று தெரியாமல் செய்த பொருள் கடைசியில் பால்கனியில் செடித்தொட்டி வைக்கத்தான் போகும்.

முதல் வேலைக்கு நான் எல்லோருக்கும் சொல்வது தரையோடு ஒட்டிய குட்டி ஸ்டூல். கீரை ஆய, சின்ன வெங்காயம் உரிக்க, துணி துவைக்க, வாசலில் செருப்பு மாட்ட, பூஜை அறையில் உட்கார என்று எல்லா வீட்டிலும் அதற்கு வேலை இருக்கிறது. ஐம்பது வயதைத் தாண்டிய அம்மாவோ அத்தையோ வீட்டில் இருந்தால் தரையில் உட்கார்ந்து எழுந்திருக்க முழங்கால் ஒத்துழைக்காது, ஆனால் நாற்காலியில் உட்கார்ந்து கீரை ஆயவும் பிடிக்காது. கடையில் விற்கும் பிளாஸ்டிக் முக்காலி எல்லோருக்கும் ஒரே உயரம். நீங்கள் செய்வது அவருடைய உயரம்.

உயரத்தைக் கண்டுபிடிப்பது

பழைய செய்தித்தாள்களைக் கட்டாக அடுக்கி, அசையாமல் கயிற்றால் கட்டி, சுவர் ஓரமாக வைத்து அவரை உட்காரச் சொல்லுங்கள். எழுந்திருக்கும்போது கையைத் தரையில் ஊன்றுகிறாரா என்று மட்டும் பாருங்கள். ஊன்றினால் இன்னும் ஓர் அங்குலம் அடுக்குங்கள். கை ஊன்றாமல் எழும் உயரமும், உட்கார்ந்தபடி முன்னால் இருக்கும் முறத்துக்கோ அரிவாள்மணைக்கோ கை எட்டும் உயரமும் எங்கே சந்திக்கின்றனவோ அதுதான் அளவு. பெரும்பாலும் 7 முதல் 10 அங்குலத்துக்குள் வரும். பரிசாகத் திடீரென்று கொடுக்க நினைத்தால் இந்த வேலை முடியாது. அளவெடுத்துச் செய்வதா ஆச்சரியப்படுத்துவதா என்று கேட்டால் நான் அளவு பக்கம்தான்.

இந்தக் கட்டுரைக்கு 9 அங்குல உயரம் என்று வைத்துக்கொள்வோம்.

ஐந்தே துண்டு

மேலே உட்காரும் பலகை ஒன்று, இரண்டு பக்கமும் கால் பலகை இரண்டு, கால்களை இணைக்கும் சட்டம் இரண்டு. கால் பலகையின் மேல் மூலைகளில் சட்டம் உட்காரப் பள்ளம் வெட்டுகிறோம், சட்டத்தைக் காலோடு பசையும் ஸ்க்ரூவும் போட்டுப் பிடிக்கிறோம், மேல் பலகையை அதன்மேல் ஒட்டுகிறோம். அவ்வளவுதான்.

இந்த அமைப்பைத் தேர்ந்தெடுக்க ஒரு காரணம் உண்டு, இது புரிந்துவிட்டால் மரவேலையில் பாதி புரிந்த மாதிரி. மரம் மழைக்காலத்தில் காற்றின் ஈரத்தை இழுத்து உப்பும், கோடையில் காய்ந்து சுருங்கும். ஆனால் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி அல்ல: நார் ஓடும் திசையில், அதாவது நீளவாக்கில், ஏறக்குறைய அசையவே அசையாது; அகலவாக்கில்தான் அசையும். மேல் பலகையின் அகலமும் கால் பலகையின் அகலமும் ஒரே திசையில் இருப்பதால் இரண்டும் சேர்ந்தே உப்பிச் சேர்ந்தே சுருங்குகின்றன, சண்டை இல்லை. சட்டத்தின் நாரும் மேல் பலகையின் நாரும் ஒரே திசை, அங்கேயும் சண்டை இல்லை. நம் மணைப்பலகை அப்படி அல்ல. அதன் அடியில் இருக்கும் இரண்டு கட்டைகள் பலகைக்குக் குறுக்கே ஓடுவதால், முழு நீளத்துக்கும் பசை போட்டு இறுக்கிவிட்டால் சுருங்க வழியில்லாமல் பலகை நடுவில் வெடித்துவிடும். பார்க்க எளிதாக இருந்தாலும் மணையை இரண்டாவது வேலையாக வைத்துக்கொள்ளுங்கள்.

மரம் வாங்குவது

மரக்கடைக்குப் போனதும் தேக்கைக் காட்டுவார்கள். தேக்கு நல்ல மரம், இழைக்கச் சுகமாக இருக்கும், ஆனால் முதல் வேலைக்கு அந்த விலை வேண்டாம். விலை பயத்தில் ரம்பத்தைத் தைரியமாக ஓட்ட மாட்டீர்கள். வேம்பு மலிவு, பூச்சி அவ்வளவாக அண்டாது, ஆனால் நார் பின்னிப் பின்னி ஓடுவதால் இழைக்கும்போது அங்கங்கே பிய்த்துக்கொண்டு வரும். பூவரசு கிடைத்தால் விடாதீர்கள். பலா எனக்கு மிகவும் பிடித்த மரம். புதிதாக இழைத்தபோது மஞ்சளாக இருந்து, வருடம் போகப் போகப் பழுப்பேறும். தஞ்சாவூர் வீணையும் மிருதங்கமும் செய்கிற அதே மரம். மாமரம் மலிவுதான், ஆனால் வண்டு துளைத்து மாவு கொட்டும். பேக்கிங் பெட்டி பைன் மரத்தில் பழகலாம்; மெத்தென்று இருப்பதால் அறுக்க எளிது, அதே காரணத்தால் நகம் பட்டாலே தடம் விழும்.

எந்த மரமானாலும் வைரம் பாய்ந்த பகுதியாக, அதாவது உள்ளே இருக்கும் கெட்டியான பகுதியாகக் கேளுங்கள். பலகையின் ஓரத்தில் வெளுப்பாகத் தெரிவது மரத்தின் வெளிப்பக்கம், முதலில் உளுப்பது அதுதான். செங்கோட்டைப் பக்கம் இருப்பவர்களுக்குக் கவலையில்லை, அங்கே அறுவை மில்களுக்குப் பஞ்சமில்லை. காரைக்குடிப் பக்கம் இடித்த வீடுகளின் பழைய பர்மா தேக்குத் துண்டுகள் கிடைக்கும். நன்றாகக் காய்ந்து ஓய்ந்த மரம், இனிமேல் பெரிதாகக் கோணாது. ஆனால் உள்ளே உடைந்த ஆணி இருக்கும். அறுப்பதற்கு முன்னால் ஒரு காந்தத்தை மேலே ஓட்டிப் பாருங்கள், ரம்பத்தின் பல் பிழைக்கும்.

கடையில் கொடுக்கச் சீட்டு இது, ஓர் அங்குல கனத்தில்:

9 அங்குல அகலம், ஒன்றரை அடி நீளம் – 1
8 அங்குல அகலம், 2 அடி நீளம் – 1
இரண்டரை அங்குல ரீப்பர் (ஒடுக்கமான நீளச் சட்டம்), இரண்டரை அடி நீளம் – 1

அகலத்தை மில்லிலேயே கிழித்து, இரண்டு முகமும் மெஷினில் இழைத்துத் தரச் சொல்லுங்கள். இழைத்தபின் கனம் முக்கால் அங்குலத்துக்குப் பக்கத்தில் நிற்கும். நீளவாக்கில் கையால் கிழிப்பது முதல் வேலைக்குத் தேவையில்லாத தண்டனை. கணக்கும் தெரிந்துகொள்ளுங்கள்: அடியில் நீளம், அங்குலத்தில் அகலம், அங்குலத்தில் கனம் மூன்றையும் பெருக்கி 144 ஆல் வகுத்தால் கன அடி. மேலே சொன்னது மொத்தம் கால் கன அடிதான் வரும். கன அடி 2,000 ரூபாய் என்று கடைக்காரர் சொன்னால் உங்களுக்கு ஆவது 500 ரூபாய், அதோடு கூலி. பெரிய வேலை பார்க்கும் ஆசாரிகள் கழித்துப்போட்ட துண்டுகள் மூலையில் கிடக்கும், கேட்டுப் பாருங்கள், உங்களுக்கு வேண்டியதில் பாதி அதிலேயே கிடைத்துவிடும்.

வாங்கி வந்த அன்றைக்கே அறுக்காதீர்கள். பலகைகளுக்கு நடுவே குச்சி வைத்து, காற்றுப் போகும்படி, வெயில் படாத இடத்தில் அடுக்குங்கள். காய்ந்துவிட்டதா என்று பார்க்க ஈரமானி எல்லாம் வேண்டாம்: ஒரு துண்டுப் பலகையைச் சமையலறைத் தராசில் நிறுத்து எடையை அதன்மேலேயே பென்சிலால் எழுதுங்கள், நான்கு நாளைக்கு ஒருமுறை நிறுங்கள். எடை குறைந்துகொண்டே இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. தொடர்ந்து மூன்று தடவை ஒரே எடை காட்டினால் வேலையை ஆரம்பிக்கலாம். ஐப்பசி அடைமழையில் எடை ஏறினாலும் ஏறும், அப்போது அவசரப்படாமல் காத்திருங்கள்.

கருவிகள்

டேப், மூலைமட்டம் (செங்கோணம் பார்க்கும் 'எல்' வடிவக் கருவி), கூரான பென்சில், நுண்பல் கைரம்பம், முக்கால் அங்குல உளி, கொட்டாப்புளி (மரச் சுத்தி), சாணைக்கல், சின்ன டிரில் மிஷின், நான்கு ஜி-கிளாம்ப், 80, 120, 220 நம்பர் உப்புத்தாள், பெவிகால். மரத்தைச் சீவி வழவழப்பாக்கும் இழைப்புளி அடுத்த வேலைக்கு வாங்கிக்கொள்ளலாம். இழுக்கும்போது அறுக்கும் ஜப்பானிய ரம்பம் ஒன்று கிடைத்தால் அதை வாங்குங்கள், தகடு மெல்லியது, புதியவர்கள் கையில் நேராகப் போகிறது.

உளியைப் புதிதாக வாங்கினாலும் தீட்டித்தான் ஆகவேண்டும். கடையிலிருந்து வரும் உளிக்குக் கூர் கிடையாது. முதுகுப் பக்கத்தைக் கல்லில் படுக்கவைத்து முனை பளபளக்கும்வரை தேய்த்து, பிறகு சரிவுப் பக்கத்தை 25 முதல் 30 டிகிரிக்குள் வைத்து, முனையில் விரல் வைத்தால் மறுபக்கம் மெல்லிய பிசிறு தட்டுப்படும்வரை தீட்டுங்கள். அந்தப் பிசிறை எடுத்துவிட்டு, ஒரு துண்டு மரத்தின் அறுத்த முனையில் வைத்துத் தள்ளிப் பாருங்கள்: தூளாக உதிர்ந்தால் இன்னும் தீட்ட வேண்டும், சுருளாக வந்தால் சரி. மழுங்கிய உளிதான் கையை வெட்டும், ஏனென்றால் அதைத்தான் பலம்கொண்டு தள்ளுவோம். எப்போதும் இரண்டு கையும் உளி முனைக்குப் பின்னால் இருக்கட்டும், மரத்தைக் கிளாம்ப் பிடிக்கட்டும்.

ஒன்றே ஒன்று கெஞ்சிக் கேட்கிறேன். ஆங்கிள் கிரைண்டரில் (இரும்பும் டைலும் அறுக்கும் கை மிஷின்) பல் வைத்த மரம் அறுக்கும் பிளேடை மாட்டாதீர்கள். கடையில் விற்கிறார்கள், பலர் மாட்டுகிறார்கள், என்றாலும் வேண்டாம். அந்த மிஷின் அந்த வேகத்தில் அந்தப் பிளேடுக்காகச் செய்யப்படவில்லை, பல் மரத்தில் மாட்டிக்கொண்டால் எகிறி ஆளை நோக்கித்தான் வரும். டிரில் ஓட்டும்போது கையுறையும் தொங்கும் துப்பட்டாவும் ஆகாது. மரத்தூளை லேசாக நினைக்காதீர்கள், அது புற்றுநோய் வரவழைக்கக்கூடியது என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் வகைப்படுத்தியிருக்கிறது. தேய்க்கும்போது என்95 முகக்கவசம் போடுங்கள்.

அறுப்பு

மேல் பலகை 16 அங்குலம். கால் எட்டேகால் அங்குலம், இரண்டு (உட்காரும் உயரத்தில் மேல் பலகையின் கனத்தைக் கழித்தால் வருவது). சட்டம் 13 அங்குலம், இரண்டு.

கால் பலகை 8 அங்குல அகலம், எட்டேகால் உயரம், அதாவது ஏறக்குறைய சதுரம். அறுத்து ஓரமாக வைத்துவிட்டு டீ குடித்து வந்தால் எது உயரம் எது அகலம் என்று தெரியாது. அறுப்பதற்கு முன்னாலேயே நார் ஓடும் திசையில் ஒரு பெரிய அம்புக்குறி போட்டுவிடுங்கள். கால் நிற்கும்போது நார் மேலிருந்து கீழாக ஓடவேண்டும். குறுக்காக வைத்துவிட்டால் ஆள் உட்கார்ந்த நாளிலேயே பாதம் பிளந்துவிடும்.

கோடு போடும்போது மூலைமட்டத்தை வைத்து நான்கு பக்கமும் சுற்றிக் கோடு இழுங்கள், ஆரம்பித்த இடத்திலேயே வந்து முடிந்தால் உங்கள் பலகை நேர்தான். கோட்டைப் பென்சிலுக்குப் பிறகு கத்தி முனையால் ஒருமுறை கீறிவிட்டால் அறுத்த ஓரம் பிசிறடிக்காது. ரம்பத்தைக் கோட்டின் மேல் வைக்காதீர்கள், கழிவுப் பக்கம் ஒட்டி வையுங்கள். கட்டைவிரலை அணைப்பாக வைத்து, ரம்பத்தை இரண்டு மூன்று முறை உங்கள் பக்கம் மட்டும் மெதுவாக இழுத்துச் சின்னத் தடம் போட்டுவிட்டு, பிறகு முழு நீளத்துக்கும் ஓட்டுங்கள். தோள், முழங்கை, ரம்பம் மூன்றும் ஒரே கோட்டில் வரட்டும். அழுத்தவே வேண்டாம், ரம்பத்தின் எடையே போதும். அடுக்குமாடியில் இருப்பவர்கள் மேஜைக் காலுக்கு அடியில் பழைய யோகா பாய் போட்டுக்கொண்டால் சத்தம் கீழ்வீட்டுக்கு இறங்காது. கொட்டாப்புளி வேலையைக் காலை பத்து மணிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள், மத்தியானத் தூக்கத்தைக் கெடுக்காதீர்கள்.

இப்போது கால் பலகையின் மேல் மூலைகளில் பள்ளம். டேப்பை ஓரமாக வைத்துவிடுங்கள். சட்டத்தையே எடுத்து அந்த மூலையில் நிறுத்திவைத்து அதைச் சுற்றிக் கத்தியால் கீறுங்கள். டேப்பில் அளந்து கோடு போட்டால் அரை மில்லிமீட்டர் ஏதாவது ஒரு பக்கம் போகும், துண்டை வைத்துக் கீறினால் போகாது. நான்கு மூலைக்கும் தனித்தனியாகக் கீறி, எந்தச் சட்டம் எந்த மூலைக்கு என்று அ, ஆ, இ, ஈ எழுதிவைத்துக்கொள்ளுங்கள். மேலிருந்து கீழாக ஒரு வெட்டு, பக்கத்திலிருந்து ஒரு வெட்டு, மூலை விழுந்துவிடும். கோட்டில் மிச்சம் இருப்பதை உளியால் மெல்ல மெல்லச் சீவி எடுங்கள். சட்டம் கையால் தள்ளினால் உள்ளே போகவேண்டும், விட்டால் விழக்கூடாது.

கால் பலகையின் அடியில், நடுவில் 4 அங்குல அகலத்துக்கு, இரண்டரை அங்குல உயரத்துக்குக் கவிழ்த்த 'வி' மாதிரி வெட்டி எடுத்துவிடுங்கள். இது அழகுக்கு மட்டும் இல்லை. முழு ஓரமும் தரையில் படுவதைவிட இரண்டு பாதமாக நின்றால் மேடுபள்ளமான முற்றத்திலும் ஆடாமல் நிற்கும்.

கோர்ப்பது

ஒட்டுவதற்கு முன்னால் உள்பக்கங்களை உப்புத்தாள் போட்டு முடித்துவிடுங்கள், பிறகு கை நுழையாது. பசை இல்லாமல் ஒருமுறை முழுவதும் கோர்த்துப் பாருங்கள்.

ஒவ்வொரு மூலையிலும் இரண்டு ஸ்க்ரூ, 8 நம்பர், ஒன்றரை அங்குலம். சட்டத்தில் நாலரை மில்லிமீட்டர் துளை, காலில் 3 மில்லிமீட்டர் துளை. துளை போடாமல் ஸ்க்ரூவை அடித்து ஏற்றினால் கால் பலகையின் ஓரம் நிச்சயம் பிளக்கும், அது முக்கால் அங்குலம்தான் இருக்கிறது. ஸ்க்ரூ மரையைச் சோப்பில் ஒரு தேய் தேய்த்தால் வைரம் பாய்ந்த மரத்திலும் சுலபமாக இறங்கும். பள்ளத்தில் பெவிகாலை மெல்லிசாகத் தடவி, சட்டத்தை வைத்து, மூலைமட்டம் பார்த்து, ஸ்க்ரூவை இறுக்குங்கள்.

அப்புறம் மேல் பலகை. சட்டங்களின் மேல் விளிம்பு முழுக்கப் பசை தடவி, நான்கு பக்கமும் சமமாக வருகிற மாதிரி வைத்து (நீளவாக்கில் ஒன்றரை அங்குலம், அகலவாக்கில் அரை அங்குலம் வெளியே நீட்டும்) கிளாம்ப் போடுங்கள். நீளவாக்கில் இதற்கு மேல் நீட்டவிடாதீர்கள், ஓரத்தில் யாராவது காலை வைத்து ஏறினால் கவிழும். நாரும் நாரும் ஒரே திசையில் ஒட்டுவதால் இந்தப் பசையின் பிடியே போதுமான பலம். கிளாம்ப் குறைந்தால் மேலே அம்மிக்கல்லைத் தூக்கி வையுங்கள். வழிந்த பசையை அப்போதே ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள். காய்ந்த பசையின் மேல் பாலிஷ் ஏறாது, வெளுப்புத் திட்டாக நிற்கும். ஒரு நாள் முழுக்க யாரையும் உட்காரவிடாதீர்கள்.

மறுநாள் சமையலறைக் கிரானைட் மேடையில் வையுங்கள். வீட்டிலேயே சமதளமான இடம் அதுதான். ஆடினால் குட்டையான பாதத்துக்கு அடியில் காகிதத்தை மடித்து மடித்து ஆட்டம் நிற்கும்வரை செருகி, ஒரு பென்சிலை ஏதாவது அட்டைமேல் படுக்கவைத்து நான்கு பாதத்தையும் சுற்றி ஒரே உயரத்தில் கோடு போட்டு, அந்தக் கோடுவரை தேய்த்தோ அறுத்தோ எடுங்கள். கண்ணால் பார்த்து ஒரு காலைக் குறைக்க ஆரம்பித்தால் மாற்றி மாற்றிக் குறைத்துக்கொண்டே போகவேண்டியதுதான்.

தேய்ப்பும் பூச்சும்

எல்லா ஓரங்களையும் 3 மில்லிமீட்டர் அளவுக்கு உருட்டுங்கள். புடவை மாட்டக்கூடாது, தொடையில் உறுத்தக்கூடாது. பிறகு 80, 120, 220 என்று வரிசையாக, நார் ஓடும் திசையிலேயே தேயுங்கள். 120 முடிந்ததும் ஈரத் துணியால் ஒருமுறை துடைத்துக் காயவிட்டால் மேல் நார் சிலிர்த்துக்கொள்ளும், அடுத்த தாளில் அது போய்விடும். இதைச் செய்யாவிட்டால் முதல் தண்ணீர் பட்டதும் ஸ்டூல் சொரசொரப்பாகிவிடும்.

எங்கே இருக்கப்போகிறது என்பதைப் பொறுத்துத்தான் பூச்சு. சமையலறை, பின்கட்டு என்றால் பியூ (பாலியூரிதேன்) வார்னிஷ் மூன்று கோட்டு, ஒவ்வொன்றுக்கும் நடுவே 320 நம்பர் தாளால் லேசாக ஒரு தடவு. பூஜை அறை என்றால் அரக்குப் பாலிஷ் மிக அழகு, ஆனால் தண்ணீரோ சூடான பாத்திரமோ பட்டால் வெள்ளைத் தடம் விழும், அதனால் சமையலறைக்கு வேண்டாம். ஆளிவிதை எண்ணெய் தடவலாம். அப்படித் தடவினால் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது சூடாகும், சுருட்டிய துணியில் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கும். விரித்து வெளியே கொடியில் உலர்த்திவிட்டுப் பிறகு போடுங்கள். பாதத்தின் அடிப்பகுதியையும் விடாமல் பூசுங்கள், தண்ணீரை முதலில் உறிஞ்சுவது அந்த அறுத்த முனைதான்.

அடுத்து யாருக்கு

இதைப் பார்த்துவிட்டு உறவுக்காரர்கள் கேட்பார்கள். நவராத்திரிக்கு முன்னால் சித்திக்குக் கொலுப்படி செய்யலாம், இதே அறுப்பு, இதே சட்டம்தான், கழற்றி மடக்குவது மட்டும் கூடுதல். அதை ஆடி மாதமே ஆரம்பித்துவிடுங்கள். கறி வெட்ட மாமாவுக்குக் கட்டை வேண்டுமென்றால் புளியமரம், கறிக்கடைகளில் இருப்பது அதுதான். அறுக்கக் கஷ்டப்படுத்தும், ஆனால் கத்திக்கு ஈடுகொடுக்கும்.

குழந்தைகளுக்குச் செய்வதாக இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். மூன்று வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கான பொம்மையில், 32 மில்லிமீட்டர் குழாய்க்குள் நுழைகிற எந்தத் துண்டும் கழன்று வரக்கூடாது, தொண்டையில் சிக்கும். கையில் மிச்சமிருக்கும் பழைய பெயிண்டை அடிக்காதீர்கள். இந்தியாவில் வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2016-இல்தான் வந்தது, அதற்கு முந்தைய டப்பாவில் என்ன இருக்கும் என்று சொல்ல முடியாது. தேன்மெழுகு தேய்த்தால் போதும். மரத்துக்கு வெட்பாலை பாருங்கள், வெளுப்பான, வழவழப்பான மரம், கர்நாடகத்துச் சென்னபட்டணா ஊர்ப் பொம்மைகள் அதில்தான் கடைகிறார்கள். அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான் மாதிரி உருண்டையாகக் கடைய வேண்டுமானால் கடைசல் இயந்திரம் தேவை, அதை இப்போதைக்கு அந்த ஊர்க்காரர்களிடமே வாங்கிக் கொடுங்கள்.

ஸ்டூலைக் கொடுக்கும்போது அடியில் பெயரையும் தேதியையும் பென்சிலால் எழுதி அதன்மேல் ஒரு கோட்டு வார்னிஷ் அடியுங்கள். முதல் மழைக்காலம் முடிந்து பொங்கலுக்கு அவர்கள் வீட்டுக்குப் போகும்போது ஸ்க்ரூ டிரைவரைப் பையில் போட்டுக்கொண்டு போய் எட்டு ஸ்க்ரூவையும் ஒரு கால் திருகு இறுக்கிவிட்டு, பாதத்தின் அடியில் பூச்சு தேய்ந்திருந்தால் அங்கே மட்டும் இன்னொரு கோட்டு கொடுத்துவிட்டு வாருங்கள்.